டிலெட்டான்ட்: வயிறு நிறைந்த மாடு மேயும் புல்

மொழிபெயர்ப்பு செய்யும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "தொமாசோ அல்பினோனி என்ற வெனிஸ் இசையமைப்பாளரைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்குகிறேன். தன் முதல் இசைத் தொகுப்பின் முகப்பில் அவர் தன்னை 'டிலெட்டான்ட்' என்று போட்டுக்கொண்டாராம். அகராதியில் பார்த்தால் 'மேலோட்டமான ஈடுபாடு உள்ளவர், அரைகுறை' என்று இருக்கிறது. யாராவது தன்னையே அரைகுறை என்று அச்சடித்துக்கொள்வார்களா? இது அடக்கமா, கிண்டலா? தமிழில் என்ன போடுவது?"

அடக்கமும் இல்லை, கிண்டலும் இல்லை. கொஞ்சம் பெருமை.

அல்பினோனியின் முதல் தொகுப்பு 1694-இல் வெளிவந்தது. முகப்பில் 'வயலின் இசைஞர், வெனிஸ் நகரத்து திலெத்தாந்தே' என்று இருக்கிறது. (இத்தாலியர் வாயில் அப்படித்தான் வரும், ஆங்கிலேயர்கள் டிலிடான்டி என்றும் டிலிடான்ட் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.) அவருடைய அப்பா காகித வணிகர், சீட்டுக்கட்டும் தயாரித்து விற்றவர். அல்பினோனி வீட்டுக்கு மூத்த பிள்ளை, கடை தனக்கு வரப்போகிறது என்ற நிலைமை. அந்தக் காலத்து இசைக்காரர்களில் பெரும்பாலோர் தேவாலயத்திலோ பிரபு வீட்டிலோ சம்பளத்துக்கு இருந்தவர்கள். பிரபு வீட்டில் என்றால் சமையல்காரர், குதிரைக்காரர் வரிசையில்தான் அவர்களுக்கும் இடம். 'நான் அந்த வரிசையில் இல்லை, சோற்றுக்காக வாசிக்கிறவன் இல்லை' என்று சொல்லத்தான் அந்தச் சொல்.

1709-இல் அப்பா இறந்தார். கடைப் பொறுப்பு தம்பிகளிடம் போனது. அதற்குப் பிறகு 1711 வாக்கில் பார்த்தால் திலெத்தாந்தே காணாமல் போயிருக்கிறது, வெறும் 'வயலின் இசைஞர்' மட்டும்தான். அதே கை, அதே வயலின். வித்தை கூடியதால் அந்தச் சொல் போகவில்லை, வருமானம் வரும் வழி மாறியதால் போனது. ஆக 1694-இல் அந்தச் சொல் பேசியது விரல்களைப் பற்றி இல்லை, கல்லாப்பெட்டியைப் பற்றி. உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இவ்வளவுதான். ஆனால் இந்தச் சொல் அங்கிருந்து 'அரைகுறை'க்கு வந்து சேர்ந்த கதை தெரியாவிட்டால், அடுத்த புத்தகத்தில் வேறு எங்காவது இது உங்களைக் கவிழ்த்துவிடும். என்னைக் கவிழ்த்திருக்கிறது, கீழே சொல்கிறேன்.

(இடைச்செருகலாக ஒன்று. 'அல்பினோனியின் அடாஜியோ' என்று உலகம் முழுக்க ஒலிக்கிற அந்த உருக்கமான இசை, 1958-இல் ரெமோ ஜியாசொத்தோ என்ற இசை ஆய்வாளர் வெளியிட்டது. அவருடைய சொந்தச் சரக்கு என்றுதான் இன்று கொள்கிறார்கள். கட்டுரையில் அது அல்பினோனியின் கணக்கில் எழுதப்பட்டிருந்தால் ஓர் அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள்.)

வெனிஸில் இப்படிப் போட்டுக்கொண்டவர் அல்பினோனி மட்டும் இல்லை. பெனெதெத்தோ மார்செல்லோ என்ற பிரபுவும் தன்னை 'வெனிஸ் பிரபு, இசையமைப்புக் கலையில் திலெத்தாந்தே' என்று அச்சிட்டார். பகலில் குடியரசின் அதிகாரி, மிச்ச நேரத்தில் பைபிளின் ஐம்பது சங்கீதங்களுக்கு இசையமைத்தவர். அவருடைய அண்ணன் அலெசாந்த்ரோவும் அதே வகை. ஓபோ என்ற ஊதுகருவிக்கு அவர் எழுதிய இசைக்கோவை ஒன்றை ஜெர்மன் இசைமேதை பாக் விசைப்பலகைக்காக மாற்றி எழுதிக்கொண்டார். பாக் எடுத்தாளும் அளவுக்கு எழுதியவரை எந்த அகராதியை வைத்து அரைகுறை என்பது?

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இத்தாலியில் 'திலெத்தாரே' என்றால் இன்பம் தருவது, மகிழ்விப்பது. மூலம் லத்தீன், ஆங்கிலத்தின் 'டிலைட்'டும் அதே வேரில் வந்ததுதான். அதன் வழியில் திலெத்தாந்தே என்றால் 'இன்புறுகிறவர்', ஒரு கலையில் தோய்ந்து மகிழ்கிறவர். இதோடு சேர்த்து எப்போதும் பேசப்படுகிற 'அமெச்சூர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வேர் 'நேசிக்கிறவர்'. நம்மிடம் 'ஆர்வலர்' இருக்கிறதே, அதற்கும் இதே கதைதான். "அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்" என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்பு உடையவர். இன்று பறவை ஆர்வலர், தொல்லியல் ஆர்வலர் என்கிறோம். அன்பிலிருந்து ஈடுபாட்டுக்கு வருவது மொழிகளுக்குப் பழக்கமான பாதை போலிருக்கிறது. அதற்கு அடுத்த படி எது என்பதில்தான் வம்பு. தொலைக்காட்சி விவாதங்களில் கட்சி, பதவி எதுவும் சேராத ஒருவருக்குக் கீழே 'சமூக ஆர்வலர்' என்று போட்டுப் போட்டு, இப்போது அந்தச் சொல்லைச் சொன்னாலே சிலர் உதட்டைச் சுழிக்கிறார்கள். திலெத்தாந்தேவுக்கு நூறு வருஷம் பிடித்தது, நமக்கு இருபது வருஷம் போதும் போலிருக்கிறது.

சோற்றுக்காகச் செய்யாததே கௌரவம் என்ற வெனிஸ் மனநிலை நமக்கு அந்நியமாகத் தோன்றினால், சென்னைக்கு வாருங்கள். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார்கள். அவர் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. கூட இருந்தவர்களும் படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள். நாடகத்தை நம்பிப் பிழைத்தவர்களைக் 'கூத்தாடி' என்று ஊர் ஏளனம் செய்த காலம் அது. அதே மேடையில் ஏறி, அதே அரிதாரம் பூசி, ஆனால் அதற்குக் காசு வாங்காதவர்கள் 'அமெச்சூர்கள்', அவர்கள் கனவான்கள். நடிப்பு நன்றாக இருந்ததா என்பது அப்புறம். ஊரூராகக் கம்பெனி நாடகம் போட்டு வயிறு வளர்த்தவர்களிடம்தான் பாட்டும் பயிற்சியும் அதிகம் இருந்தன என்று நான் நினைக்கிறேன். கௌரவம் என்னவோ சபாக்காரர்களுக்கே கிடைத்தது. சம்பந்த முதலியார் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெச்சூர் என்பதால் வேலை குறைவு என்று ஆகிவிடாது.

சரி, சொல் எங்கே சறுக்கியது? லண்டனில்.

18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் இத்தாலி வரை ஒரு நீண்ட பயணம் போய்வருவார்கள். போய்வந்தவர்கள் சிலர் 1734-இல் சேர்ந்து 'டிலெட்டான்டி சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சாப்பாடு, மது, கூடவே பழைய ரோம், பழைய கிரேக்கம் பற்றிப் பேச்சு. ஹோரஸ் வால்போல் என்ற எழுத்தாளர் 1743-இல் ஒரு கடிதத்தில் இந்தச் சங்கத்தைக் கிண்டல் செய்திருக்கிறார்: பெயரளவில் வேண்டிய தகுதி இத்தாலிக்குப் போயிருப்பது, உண்மையில் வேண்டிய தகுதி குடித்திருப்பது. சொல்லுக்கு முதல் கறை இங்கே விழுந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சங்கத்தை வெறும் குடிகாரக் கூட்டம் என்று தள்ளிவிட முடியாது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட், நிகோலஸ் ரெவெட் என்ற இருவர் 1751-இல் ஏதென்ஸ் போய், அங்கிருந்த பழைய கட்டடங்களை ஒவ்வொரு தூணாக, ஒவ்வொரு விளிம்பாக அளந்து வரைந்தார்கள். டிலெட்டான்டி சங்கம் அவர்களுக்குப் பின்னால் நின்றது. ஸ்டூவர்ட் ஏழை வீட்டுப் பிள்ளை, சிறு வயதில் கைவிசிறிகளில் படம் வரைந்து பிழைத்தவர். அவர்கள் ஊர் திரும்பி மெல்ல மெல்ல வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரான்ஸைச் சேர்ந்த லெ ருவா 1758-இல் கிரேக்க இடிபாடுகள் பற்றித் தன் புத்தகத்தை முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டார். ஸ்டூவர்ட், ரெவெட்டின் முதல் தொகுதி 1762-இல்தான் வந்தது. அதில் லெ ருவாவின் பிழைகளைச் சுட்டிக்காட்டவும் அவர்கள் தவறவில்லை. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் கட்டிய எத்தனையோ வங்கிகளும் நீதிமன்றங்களும் கிரேக்கத் தூண்களோடு நிற்பதற்கு அந்த அளவுகளுக்கும் ஒரு பங்கு உண்டு. பொழுதுபோக்குக்காரர்களின் காசு, பொழுதுபோக்காக வேலை பார்க்காதவர்களின் உழைப்பு. இந்தக் கலவையை நினைவில் வையுங்கள்.

அதே சங்கத்தின் வழியாகத்தான் சொல்லுக்குப் பெரிய அவமானமும் வந்தது. எல்ஜின் பிரபு ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். (அது எடுத்ததா, திருடியதா என்ற வழக்கு இன்றைக்கும் முடியவில்லை, இங்கே வேண்டாம்.) அப்போது கலை விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் பெரிய மனிதராக இருந்தவர் ரிச்சர்ட் பெய்ன் நைட், டிலெட்டான்டி சங்கத்தின் தூண்களில் ஒருவர். இவை கிரேக்கச் சிற்பமே இல்லை, பேரரசர் ஹேட்ரியன் காலத்து ரோமானிய வேலை என்று அவர் சொல்லிவிட்டார். 1816-இல் நாடாளுமன்றக் குழு இவற்றை வாங்கலாமா என்று விசாரித்தபோதும் அவர் இவற்றை உயர்வாக மதிக்கவில்லை. மாறாக, கையில் உளி பிடித்த சிற்பிகளும் தூரிகை பிடித்த ஓவியர்களும் அந்தக் கற்களில் தசை எப்படி அசைகிறது, நரம்பு எப்படிப் புடைக்கிறது என்று பார்த்துவிட்டு, இதற்கு மேல் ஒன்று கிடையாது என்றார்கள். அரசு 35,000 பவுன் கொடுத்து வாங்கியது. அதே வருஷம் ஹேடன் என்ற ஓவியர், தொழில் தெரிந்தவன் சொல்வதை விட்டுவிட்டு ரசனைக்காரர் சொல்வதைக் கேட்கிறீர்களே என்று கொதித்து ஒரு கட்டுரை எழுதினார்.

இங்கே திராசு மறுபக்கம் சாய்வது தெரிகிறதா? வெனிஸில் சம்பளக்காரன் கீழே, இன்புறுகிறவன் மேலே. லண்டனில் 1816 வாக்கில் தொழில்காரன் குரல் உயர்கிறது. 'அனுபவிக்கிற உனக்குச் செய்கிறவனின் கண் உண்டா?' என்று கேட்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் தொழிலே கௌரவம் என்று ஆனபோது டிலெட்டான்ட் கீழே போனார். 1843-இல் கார்லைல் என்ற எழுத்தாளர், வேலை செய்யாமல் மேம்போக்காக வாழ்ந்த நிலப்பிரபுக்களைத் தாக்க இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். அதற்குள் அது வசைச்சொல் ஆகிவிட்டிருந்தது. நறுமணத்தைச் சொல்லிவந்த 'நாற்றம்' நம்மிடம் மூக்கைப் பொத்த வைக்கும் சொல்லாக ஆனதே, அதே மாதிரி.

ஜெர்மானியர்கள் இதைப் பற்றி இன்னும் ஆழமாக யோசித்தார்கள். கவிஞர்கள் கெதேயும் ஷில்லரும் 1799-இல் டிலெட்டான்ட் தன்மை பற்றி ஒரு கட்டுரைக்குத் திட்டம் போட்டுக் குறிப்புகள் எழுதினார்கள். கட்டுரை முடியவே இல்லை, குறிப்புகளாகவே நின்றுவிட்டது. இது அந்தத் தலைப்புக்கே உரிய விதி போலிருக்கிறது. அதில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கலைப்படைப்பு தனக்குள் உண்டாக்கிய உணர்ச்சியை டிலெட்டான்ட் தன் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். அது, பூவின் மணத்தைக் கொண்டு பூவையே உண்டாக்கிவிடலாம் என்று நினைப்பது போல என்கிறார்கள். கச்சேரி கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் 'நாமும் பாடலாமே' என்று தோன்றுகிற அந்தக் கணம் இருக்கிறதே, அதுதான். கெதே இதை வெளியே நின்று சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கப் படம் வரைந்தவர் அவர். இத்தாலிப் பயணத்தில்தான், தான் ஓவியன் ஆகப்போவதில்லை என்று உறுதியாகப் புரிந்துகொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீலாகத் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் வந்தார். அவர் வாதம் சுருக்கமாக இது: காசுக்காக ஒரு கலையைச் செய்கிறவர்கள்தான் அதை விரும்பிச் செய்கிறவரை டிலெட்டான்ட் என்று இளக்காரமாகச் சொல்கிறார்கள், பசியோ தேவையோ துரத்தினாலொழிய யாரும் எதையும் தீவிரமாகச் செய்யமாட்டார்கள் என்ற கீழான நம்பிக்கையிலிருந்து வருவது அந்த இளக்காரம். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா விட்டுப்போன சொத்தில் வாழ்ந்தவர் சொல்வது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்றைக்கு நிலைமை மொழிக்கு மொழி வேறு. இத்தாலியில் இந்தச் சொல் இன்னும் பழைய வீட்டில் குடியிருக்கிறது: தொழில்முறை அல்லாத கால்பந்துக் குழுக்களை நடத்தும் தேசிய அமைப்பின் பெயரிலேயே 'திலெத்தாந்தி' இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை பந்து உதைக்கிற தச்சரும் திலெத்தாந்தேதான், அதில் அவமானம் எதுவும் இல்லை. பிரெஞ்சில் 'டிலெட்டான்ட் ஆக' ஒன்றைச் செய்வது என்றால் மெனக்கெடாமல், போகிற போக்கில் செய்வது. பாதி ரசனை, பாதி சோம்பல். ஜெர்மனில் இரக்கமே கிடையாது. பூட்டை உடைக்கத் தெரியாமல் உடைத்துவிட்டு மாட்டிக்கொண்ட திருடனின் வேலையைக்கூட 'டிலெட்டான்டிஷ்' என்பார்கள்: சொதப்பல். ஆங்கிலம் நடுவில் நிற்கிறது. அதில் இன்று இந்தச் சொல் வந்தால் பத்தில் ஒன்பது இடத்தில் குத்தல்தான். அந்தக் குத்தலில் 'திறமை இல்லை' என்பதைவிட 'நிலைத்து நிற்கமாட்டார்' என்பதும் 'வசதி இருக்கிறது, அதனால் விளையாடுகிறார்' என்பதும்தான் கூடுதலாக ஒலிக்கும். அதனால் மூலம் எந்த மொழி, எந்தக் காலம், பேசுவது யார் என்று பார்க்காமல் தமிழ்ச் சொல்லைத் தேடப் போகாதீர்கள்.

தமிழுக்கு வருவோம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'அரைகுறை'. அது செய்த வேலையின் தரத்தைச் சொல்கிறது. ஏன் அரைகுறையாக நின்றது என்று சொல்லாது. காசு இல்லாமல் பாதியில் நின்ற வீடும் அரைகுறைதான். 'கத்துக்குட்டி' என்றால் இப்போதுதான் இறங்கியிருக்கிறார், நாளைக்குத் தேறிவிடலாம் என்ற நம்பிக்கை அதில் உண்டு. டிலெட்டான்ட் இருபது வருஷம் கழித்தும் அதே படியில் உட்கார்ந்திருப்பார், அதுவும் சந்தோஷமாக. 'ஆர்வக்கோளாறு' என்று இப்போது சொல்கிறோமே, அது வேகம் மிஞ்சிப்போவது. 'மயிலைப் பார்த்து வான்கோழி ஆடியது' என்ற உவமை அவ்வையார் காலத்திலிருந்து இருந்தாலும், அது பார்த்து நடிப்பதைச் சொல்கிறது. நம் ஆள் யாரையும் பார்த்து நடிக்கவில்லை, உண்மையாகவே மகிழ்கிறார். 'போலி' சரிவராது, போலிக்குத் தான் போலி என்று தெரியும்.

மிஞ்சுவது நுனிப்புல்.

'நுனிப்புல் மேய்வது' என்பதை நாம் இன்று சொல்லும்போது ஆழமின்மை மட்டும்தான் காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனால் தாத்தாவோடு மாடு ஓட்டிக்கொண்டு போவேன். ஒரு நாள் மாலை, ஏரிக்கரையில், திரும்புகிற நேரம். எங்கள் வெள்ளை மாடு நல்ல புல் இருக்கிற இடத்தில் நின்றுகொண்டு, மேலே மேலே கடித்துவிட்டு நகர்ந்து, மறுபடி இரண்டு கடி, மறுபடி நகர்வது என்று இருந்தது. சரியாகவே மேயவில்லை என்று நான் அதட்டினேன். தாத்தா சிரித்தார். "அது காலையில பாத்தியா? நாக்கைச் சுத்தி வேரோட இழுத்துச்சு. இப்ப வயிறு நெறஞ்சிடுச்சுடா. அதான் தளிரா பாத்துத் தேடுது. பசிச்ச மாடு நுனிப்புல் மேயாது."

அல்பினோனி, டிலெட்டான்டி சங்கம் என்று படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த மாலை எனக்கு முழுசாகப் புரிந்தது. நுனிப்புல் மேய்கிற மாடு சோம்பேறி இல்லை. அதற்குப் பசி இல்லை, ருசி இருக்கிறது. தளிராகத் தேர்ந்தெடுத்துத் தின்கிறது. இத்தாலிச் சொல்லின் இன்பமும், வெனிஸ் கல்லாப்பெட்டியும், ஆங்கிலத்தின் குத்தலும் மூன்றும் அந்த ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தன. வடமொழியிலும் 'பல்லவக்ராஹி பாண்டித்யம்' என்று ஒரு தொடர் உண்டு. பல்லவம் என்றால் தளிர்; தளிரை மட்டும் கிள்ளிக்கொள்கிற படிப்பு. ஆனால் அங்கே கிள்ளுவது கை; நம்மிடம் கடிப்பது வாய், அதில் வயிறும் சேர்ந்து வருகிறது. எனக்கு நம்முடையதுதான் மேல்.

ஒரே சிக்கல் இலக்கணத்தில். தமிழில் இது வினை. 'நுனிப்புல் மேய்ந்தார்', 'நுனிப்புல் மேய்கிற பழக்கம்' என்று சொல்லலாம். ஆங்கிலம் ஆளின் நெற்றியில் பெயர்ச்சொல்லை ஒட்டிவிடுகிறது. தமிழ் அவர் செய்கிற காரியத்தைச் சொல்லி விட்டுவிடுகிறது, நாளைக்கு அவர் வேரோடு மேயவும் வழி இருக்கிறது. 'நுனிப்புல் மேய்பவர்' என்று பெயராக்கினால் தப்பில்லை, ஆனால் வாக்கியம் முழுக்க அதையே இழுத்தால் வாசகர் கண்முன் மாடுதான் வந்து நிற்கும். அதனால் பெயராக வரும் இடத்தை வினையாகத் திருப்ப முடியுமா என்று முதலில் பாருங்கள்.

அமெச்சூரோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். அமெச்சூர் என்றால் சம்பளம் வாங்காதவர், அவ்வளவுதான். ஆழம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். கல்வெட்டு அவருக்குச் சோறு போடவில்லை. பணிக்கு நடுவே 1960-களில் தமிழ்நாட்டுக் குகைகளுக்குப் போய்த் தமிழ்-பிராமி எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தார். சிந்துவெளி எழுத்துகளுக்கான அவருடைய அடைவு (எந்தக் குறி எங்கெல்லாம் வருகிறது என்ற தொகுப்பு) 1977-இல் வந்தது. தமிழ்-பிராமி பற்றிய பெருநூல் 2003-இல். நாற்பது வருஷம் ஒரே பாறையைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றால் அதில் எத்தனை நாள் ஒன்றுமே பிடிபடாத வெறும் நாளாகப் போயிருக்கும்! ஒரு துறையில் அலுப்பான பகுதி ஒன்று கட்டாயம் உண்டு: அளப்பது, அட்டவணை போடுவது, ஒரே ஸ்வரத்தை ஆயிரம் தடவை பிடிப்பது. அந்த இடம் வந்ததும் வேறு தளிருக்கு நகர்கிறாரா, அங்கேயே நிற்கிறாரா என்று பார்த்தால் போதும். சம்பளத்தைக் கேட்க வேண்டாம்.

இந்த அளவுகோலுக்குச் சுலபத்தில் சிக்காதவர்களும் உண்டு. ரசிகமணி டி.கே.சி. சட்டம் படித்தவர், தமிழ்ப் பண்டிதர் இல்லை. திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் கூடி, ஒரே கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி ருசித்தார்கள். இத்தாலிச் சொல்லின் முதல் பொருளுக்குத் தமிழில் ஓர் ஆளைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன். அதே டி.கே.சி. தன் செவிக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பன் பாட்டே இல்லை என்று ஒதுக்கியபோதும், சொற்களை மாற்றியபோதும் பண்டிதர்கள் கொதித்தார்கள். சுவடி என்ன சொல்கிறது என்று பாராமல் சுவையை வைத்துத் தீர்ப்பா என்று கேட்டார்கள். "கல்லாதான் ஒட்பம் கழியநன் றாயினும் கொள்ளார் அறிவுடை யார்" என்பது அவர்கள் கட்சி. பதிப்பு விஷயத்தில் நானும் பண்டிதர் பக்கம்தான். ஆனால் பலரைக் கம்பனிடம் கூட்டிக்கொண்டு போனது அந்தப் பண்டிதர்கள் இல்லை என்பதும் தெரியும்.

என்னைக் கவிழ்த்த கதையைச் சொல்கிறேன் என்றேன். பல வருஷத்துக்கு முன், 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடிதங்கள் சிலவற்றை மொழிபெயர்த்தேன். ஒரு பெண் தன் தோழிக்கு எழுதுகிறாள்: என் தம்பி இத்தாலியிலிருந்து திரும்பிவிட்டான், இப்போது அவன் ஒரு முழு டிலெட்டான்ட். நான் அகராதியைப் பார்த்து 'இப்போது அவன் முழுக்க முழுக்க அரைகுறை' என்று போட்டேன். அந்த வாக்கியமே உளறல் என்பது எனக்கு உறைக்கவில்லை. மெய்ப்புப் பார்த்த பெரியவர் பென்சிலால் அதன் கீழே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: "தம்பி ஊரிலிருந்து வந்த சந்தோஷத்தில் எழுதுகிற அக்கா இப்படியா எழுதுவாள்? அடுத்த வரியில் அவனுக்குப் புது அங்கி தைக்கக் கொடுத்திருக்கிறாளே!" அவருக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியாது. அக்கா தம்பி தெரியும். 'கலையில் தோய்ந்துபோய்விட்டான்' என்று மாற்றினேன். இப்போது மறுபடி செய்தால், அக்காவின் லேசான கேலியும் தெரிகிற மாதிரி 'பெரிய கலாரசிகனாக வந்து இறங்கியிருக்கிறான்' என்று போடுவேன்.

உங்கள் அல்பினோனிக்கு வருகிறேன். முகப்பு வாசகத்தில் 'ரசிகர்' போடாதீர்கள். நம் ரசிகர் கேட்கிறவர், வாசிக்கிறவர் இல்லை, நடுவில் சினிமாவும் வந்து நிற்கும். 'அமெச்சூர்' போட்டால் வாசகர்களுக்குச் சபா நாடகம் நினைவுக்கு வரும், அது பெரிய பாதகம் இல்லை, ஆனால் 1694-க்கு ஒட்டாது. 'வயலின் இசைஞர், தொழிலாக அன்றி இன்பத்துக்காக இசைக்கும் வெனிஸ்காரர்' என்று கொஞ்சம் நீளமாகவே போட்டுவிடுங்கள்; அந்தக் காலத்து முகப்புகளே நீளம்தான். 1711 வாக்கில் அந்தச் சொல் மறைந்துபோனதைக் கட்டுரை சொல்லாமல் விட்டிருந்தால் அடிக்குறிப்பில் நீங்கள் சொல்லுங்கள். கட்டுரையாசிரியர் தன் குரலில், இன்றைய பொருளில், வேறு யாரையாவது டிலெட்டான்ட் என்று ஓரிடத்தில் திட்டியிருந்தால் அங்கே மாட்டை அவிழ்த்துவிடலாம்.